மூளை ரத்தக்கசிவுக்குப் பிறகு ஆளே மாறிவிட்டாரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளை ரத்தக்கசிவிலிருந்து பிழைத்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. கூட வரும் உறவினர்கள் அறைக்குள் இருக்கும்போது கையைப் பற்றி, காலைப் பற்றி, எப்போது தெளிவாகப் பேசுவார் என்பதைப் பற்றிக் கேட்பார்கள். பயிற்சி முடிந்து நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு, "ஒரு நிமிஷம்" என்று திரும்பி வந்து, கதவைப் பாதி சாத்திக்கொண்டு வேறு ஒன்று கேட்பார்கள். அப்படிக் கதவருகே கேட்ட கேள்விகள்தான் இவை. திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைத்துவிட்டேன். நான் மருத்துவர் இல்லை. மருந்து பற்றி இங்கே இருப்பதெல்லாம் உங்கள் மருத்துவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்வதற்கு மட்டுமே.

"ரத்தக்கசிவு கை காலைத்தானே பாதிக்கும்? குணம் எப்படி மாறும்?"

கையைத் தூக்கச் சொல்லும் கட்டளை மூளையில் ஓரிடத்தில் கிளம்பி நரம்பு வழியே போகிறது. கோபத்தை அடக்குவது, வந்த அழுகையை விழுங்கிக்கொள்வது, எழுந்ததும் 'இன்றைக்கு இதைச் செய்யணும்' என்று தோன்றுவது, இவற்றுக்கும் அதே மாதிரி இடங்களும் வழித்தடங்களும் உண்டு. ரத்தக்குழாய் உடைந்து வெளியே வந்த ரத்தம் கட்டியாகிப் பக்கத்துத் திசுவை நசுக்குகிறது. சுற்றிலும் வீக்கம் வருகிறது. ரத்தம் சிதையும்போது வெளிவரும் இரும்பு முதலானவை செல்களைக் கெடுக்கின்றன. கைக்குப் போகும் தடம் அறுந்தால் கை விழும். அடக்கி வைக்கும் தடம் அறுந்தால் அடக்கம் போகும்.

விழுந்த கையைப் பார்த்து "வேணும்னே தூக்க மாட்டேங்கிறார்" என்று யாரும் சொல்வதில்லை. குணத்துக்கு மட்டும் அந்தச் சலுகை கிடைப்பதில்லை.

"ஸ்கேனைப் பார்த்தாலே என்ன மாறும்னு சொல்லிடலாமா?"

ஓரளவுக்குத்தான். நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி, அதாவது முன்மூளை, அடிபட்டால் அவசரம், கூச்சமின்மை, எரிச்சல் ஒரு பக்கம். எதையும் தொடங்கவே தோன்றாத மந்தம் இன்னொரு பக்கம். மூளையின் இரண்டு முன் தமனிகளை இணைக்கும் சின்னக் குழாயில் வீக்கம் ஏற்பட்டு வெடித்தவர்களுக்கு நினைவும் குணமும் சேர்ந்து மாறுவதை அடிக்கடி பார்க்கிறோம். நடக்காததை நடந்ததாகக் கதை கட்டிச் சொல்வார்கள். பொய் சொல்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. ரத்த அழுத்தத்தால் வரும் கசிவு பெரும்பாலும் மூளையின் ஆழத்தில் வருவது. அங்கே ஆர்வம், உணர்ச்சிவேகம் எல்லாவற்றுக்கும் சந்திப்பு இருக்கிறது. சிறுமூளை நடையைத்தான் பார்த்துக்கொள்கிறது என்று வெகுகாலம் நினைத்தார்கள். அங்கே அடிபட்டவர்களுக்கு உணர்ச்சியும் சிந்தனையும் மாறுவதை 1998-ல் ஷ்மாமன், ஷெர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் விவரமாக எழுதினார்கள்.

எல்லா மாற்றமும் துன்பமாகவே இருக்கும் என்றும் இல்லை. ஜில் போல்ட் டெய்லர் என்ற அமெரிக்க மூளை ஆய்வாளருக்கு 1996 டிசம்பரில் இடது பக்கத்தில் ரத்தக்கசிவு வந்தது. பேச்சு போய்க்கொண்டிருந்த அந்தக் காலை நேரத்திலேயே ஒரு பேரமைதியை உணர்ந்ததாகச் சொன்னார். முழுதாகத் தேற அவருக்கு எட்டு வருஷம் ஆனது. ஒரே இடத்தில் கசிந்த இருவர் ஒரே மாதிரி மாறுவதில்லை. ஸ்கேன் இடத்தைக் காட்டும், அந்த மனிதரைக் காட்டாது.

"ஐசியூவில் இருந்தப்போ ராத்திரி எல்லாம் கண்டபடி கத்தினார். புத்தி பேதலிச்சுடுச்சா?"

அது பெரும்பாலும் தற்காலிகக் குழப்பநிலை. மூளை வீக்கம், காய்ச்சல், ரத்தத்தில் உப்புக் குறைவு, தூக்கமின்மை, மயக்க மருந்து, இரவு பகல் தெரியாத விளக்கு வெளிச்சம் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை. ஒரு மணி நேரம் தெளிவு, அடுத்த மணி நேரம் குழப்பம் என்று ஏறி இறங்குவதுதான் இதன் அடையாளம். காரணத்தைச் சரி செய்தால் நாட்களில், சில வாரங்களில் தெளியும். அந்த நேரத்தில் சொன்ன வசவுகளை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கே நினைவில்லாமல் போகலாம்.

"சும்மா சும்மா அழறார். டிவியில குழந்தை சிரிச்சாக்கூட அழறார். மனசுக்குள்ள என்ன வச்சிருக்கார்?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். அறுபது வயதுக்காரர். படத்தைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாவி, கடிகாரம், குடை எல்லாம் சொன்னார். அடுத்த அட்டையில் ஒரு நாய்க்குட்டி. முகம் சுருங்கியது, உதடு கோணியது, தோள் குலுங்க ஒரே அழுகை. மகள் பதறிப்போய், "நாய்னா அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும், அதான்" என்றார். அரை நிமிஷத்தில் அழுகை சட்டென நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் துக்கமே இல்லம்மா, அதுவா வருது" என்றார்.

அந்த "அதுவா வருது" என்பதுதான் சரியான விளக்கம். அழுகைக்கும் சிரிப்புக்கும் வேண்டிய முக அசைவு, மூச்சு, குரல் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து இயக்கும் இடம் மூளைத்தண்டில் இருக்கிறது. மேலிருந்து அதற்கு ஒரு பிரேக் உண்டு. கசிவில் பிரேக் போனால் சின்னத் தூண்டுதலுக்கே வண்டி ஓடிவிடும். பக்கவாதம் (மூளை ரத்தக்கசிவும் அதில் ஒரு வகைதான்) வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முதல் சில மாதங்களில் இது இருக்கிறது. சில நொடிகள், மிஞ்சினால் சில நிமிஷங்கள் இருந்துவிட்டுப் போகும்.

அந்த நேரத்தில் "ஏன் அழறீங்க, என்ன ஆச்சு" என்று சுற்றி நின்று கேட்டால் நீளும். பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். மூச்சை இழுத்து மெதுவாக விடச் சொல்லுங்கள். உட்கார்ந்திருந்தால் நிற்க வையுங்கள். வருகிறவர்களிடம் முன்கூட்டியே, "இவருக்கு அழுகை தானா வரும், கண்டுக்காம பேசுங்க" என்று சொல்லி வைப்பது பெரிய உதவி. தினமும் பல தடவை வந்து வெளியே போகவே கூச்சப்படுகிறார் என்றால் மாத்திரை இருக்கிறது. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளே இதையும் கட்டுப்படுத்தும். இதற்கென்றே ஒரு கூட்டு மருந்துக்கு அமெரிக்காவில் 2010-ல் அனுமதி கிடைத்தது. அதில் ஒரு பாதி, இருமல் மருந்தில் இருக்கும் அதே சரக்கு. அதற்காக இருமல் மருந்தை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

"சாவுச் செய்தி சொன்னா சிரிக்கிறார். இதுவும் அதேதானா?"

அதேதான். மேலே சொன்ன பிரேக் சிரிப்புக்கும் சேர்த்துத்தான். சிரிப்பு அழுகையில் முடிவதும் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், அழுகிறவர் மேல் இரக்கம் வருகிறது, சிரிக்கிறவர் மேல் கோபம் வருகிறது. அதனால் சிரிப்பவரின் குடும்பம்தான் முன்கூட்டியே சொல்லி வைப்பதில் அதிகம் கவனமாக இருக்க வேண்டும்.

"எதிலயும் ஆர்வமே இல்லை. சொன்னா செய்றார், சொல்லலைன்னா நாள் பூரா சுவத்தையே பார்த்துட்டு இருக்கார். சோம்பேறி ஆயிட்டாரா?"

"சொன்னா செய்றார்" என்று நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். சோம்பேறி சொன்னாலும் செய்ய மாட்டார். இவருக்கு வண்டி நன்றாக இருக்கிறது, ஸ்டார்ட்டர்தான் வேலை செய்யவில்லை. இதை அக்கறையின்மை என்றும் மந்தநிலை என்றும் சொல்கிறோம். மனச்சோர்வு உள்ளவர் வருத்தப்படுவார், தன்னைத் திட்டிக்கொள்வார். மந்தநிலையில் இருப்பவருக்கு வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. "எப்படி இருக்கீங்க" என்றால் "நல்லா இருக்கேன்" என்பார். அவர் அளவில் அது உண்மை.

வெளியிலிருந்து ஸ்டார்ட்டர் கொடுக்க வேண்டும். "ஏதாவது செய்யலாமே" என்றால் எதுவும் நடக்காது. "எழுந்திருங்க, இந்தத் துணியை மடிங்க" என்று ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். கடிகாரத்தில் அலாரம், சுவரில் அன்றைய பட்டியல், தினமும் அதே நேரத்துக்கு அதே வேலை என்று வைத்தால் மெல்லப் பழகும்.

கசிவுக்குப் பின் வரும் களைப்பை மந்தத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது தூங்கினாலும் தீராத களைப்பு. குளித்து முடித்ததும் படுத்துவிடுவார்கள். காலையில் சிரித்துப் பேசியவர் மதியம் எரிந்து விழுகிறார் என்றால் முதலில் களைப்பைச் சந்தேகியுங்கள். முக்கிய வேலைகளைத் தெம்பான நேரத்துக்கு மாற்றி நடுவில் ஓய்வு கொடுத்தாலே பாதிச் சண்டை குறையும்.

"இவ்வளவு நடந்தா யாருக்கும் வருத்தம் இருக்கத்தானே செய்யும்? அதை நோய்னு ஏன் சொல்றீங்க?"

வருத்தம் இருக்கத்தான் செய்யும். வேலை போய்விட்டது, பேச்சு போய்விட்டது, பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. அது நியாயமான துக்கம். ஆனால் அது அலை மாதிரி வந்து போகும். நடுவில் பேரப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கவும் முடியும். இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க இருள், தூக்கமும் பசியும் கெட்டு, பயிற்சிக்கு வர மறுத்து, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று பேச ஆரம்பித்தால் அது மனச்சோர்வு நோய். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் வருகிறது. பேச முடியாதவர் தன் வருத்தத்தைச் சொல்ல மாட்டார். அவருடைய தூக்கம், பசி, முகம், பயிற்சியில் காட்டும் முயற்சி இவற்றைத்தான் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்று எந்த விதத்தில் சொன்னாலும் சைகையில் காட்டினாலும், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள்.

மாத்திரை பற்றி ஒரு விஷயம். அதிகம் எழுதப்படும் மனச்சோர்வு மாத்திரைகள் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும் திறனைச் சற்றுக் குறைக்கும். ரத்தக்கசிவு வந்தவருக்கு இதை யோசித்துத்தான் தருவார்கள். "இவருக்கு ஏற்கெனவே மூளையில ரத்தம் கசிஞ்சிருக்கு, ரத்தம் உறையாம இருக்க வேற மாத்திரையும் சாப்பிடறார்" என்பதை மனநல மருத்துவரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். பயந்துபோய் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வைத்தியம் செய்யாத மனச்சோர்வும் ஆளைக் கெடுக்கும்.

"பூனை மாதிரி இருந்த மனுஷன், இப்போ கையில கிடைச்சதை எறியறார். என்ன பண்றது?"

கோபத்துக்கு ஒரே ஒரு காரணம் என்று இருப்பதில்லை. மாத்திரைச் சீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மாத்திரை ரத்தக்கசிவுக்குப் பின் பலருக்குத் தரப்படுகிறது. நல்ல மருந்துதான், ஆனால் சிலரை எரிந்து விழுகிறவர்களாக ஆக்கிவிடும். மாத்திரை தொடங்கியதும் கோபம் தொடங்கியதும் ஒரே வாரமா என்று பாருங்கள். ஒத்துப் போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றுவார் அல்லது வேறு மாத்திரை தருவார். சட்டென நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதனால் நிறுத்துவது உங்கள் வேலை இல்லை. வீக்கத்துக்குத் தரும் ஸ்டீராய்டும் மனநிலையைப் புரட்டிப் போடும்.

அடுத்து, தோல்வியில் வரும் கொந்தளிப்பு. பேச்சு பாதித்தவர்களிடம் அதிகம் பார்க்கலாம். வார்த்தை நாக்கு நுனி வரை வந்து வராமல் போகும். பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கொரு வார்த்தையை எடுத்துக் கொடுப்பார்கள். கை ஓங்கும். இங்கே தேவை அமைதியும் நேரமும்தான். 'ஆமா', 'இல்லை' என்று பதில் சொல்லும்படி கேளுங்கள். தலைவலி, மலச்சிக்கல், விழுந்த தோளில் வலி என்று சொல்லத் தெரியாத உபத்திரவம் கோபமாக வெளிவருவதும் உண்டு.

கடைசியாகத்தான் முன்மூளையின் பிரேக். அப்படியே வெடிக்கிறவரிடம் அந்த நேரத்தில் நியாயம் பேசிப் பயனில்லை. சத்தத்தைக் குறையுங்கள், கூட்டத்தைக் கலையுங்கள், நீங்களும் அறையை விட்டுச் சில நிமிஷம் விலகுங்கள். எறியக்கூடியதை எட்டாத இடத்தில் வையுங்கள். அடி விழுகிறது என்றால் பொறுத்துக்கொள்வது அன்பு ஆகாது. மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

"உள்ளுக்குள்ள இருந்த உண்மையான குணம்தான் இப்போ வெளிய வருதுன்னு சொல்றாங்களே?"

இதைக் கேட்ட ஒரு அம்மாவின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. முப்பது வருஷம் வாழ்ந்ததெல்லாம் நடிப்பா என்று கேட்டார். எல்லார் மனதிலும் சொல்லக் கூடாதது நூறு எழும். அதில் தொண்ணூற்றொன்பதைச் சொல்லாமல் விடுவது, எதைச் சொல்லலாம் என்று தேர்ந்தெடுப்பது, அதுதான் நம் குணம். அந்தத் தேர்வைச் செய்யும் இடம் அடிபட்டால் மிஞ்சுவது சல்லடை இல்லாத பேச்சு. அதை உண்மை முகம் என்று எடுத்துக்கொண்டால் சல்லடையைப் பொய் என்று சொன்ன மாதிரி ஆகும்.

"வெளியாள் வந்தா நல்லா நடந்துக்கறார். நான் மட்டும்னா ஆடறார். வேணும்னே பண்றாரோ?"

அரை மணி நேரம் அடக்கிப் பிடிக்க முடிகிறவர்கள் நிறைய. அதற்குப் பெரும் சக்தி செலவாகிறது. விருந்தினர் போனதும் களைப்பு வரும், களைப்பு வந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். மருத்துவர் அறையிலும் அதே பத்து நிமிஷ நல்ல முகம்தான் காட்டுவார். அதனால் வீட்டில் நடப்பதைத் தேதி, நேரத்தோடு எழுதிக்கொண்டு போங்கள்.

"நான் எதிரேயே உட்கார்ந்து அழறேன், கண்டுக்கவே மாட்டேங்கிறார். பாசம் போயிடுச்சா?"

கசிவு வலது பக்கத்திலா என்று பாருங்கள். முகக்குறியையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் படிப்பதில் வலது பக்க மூளைக்குப் பெரிய பங்கு. அங்கே அடிபட்டவருக்கு "சரி, போங்க" என்று நீங்கள் கோபமாகச் சொன்னாலும் வார்த்தை மட்டும்தான் எட்டும். போகச் சொல்கிறீர்கள் என்று போய்விடுவார். அவர் பேச்சும் தட்டையாக இருக்கும், உள்ளே பாசம் இருந்தாலும். குறிப்பால் உணர்த்துவதை விட்டுவிட்டு, "எனக்கு இப்போ மனசு கஷ்டமா இருக்கு, பக்கத்துல உட்காருங்க" என்று சொல்லிப் பாருங்கள். எழுந்து வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"தலை லேசா வலிச்சாலே திரும்ப வெடிச்சிடுச்சுன்னு பயப்படறாங்க. தூங்கவே மாட்டேங்கிறாங்க."

முன்னறிவிப்பே இல்லாமல், இடி விழுந்த மாதிரி வந்த தலைவலியை அனுபவித்தவருக்கு அந்தப் பயம் இயல்பு. தமனி வீக்கம் வெடித்தவர்களில் பலருக்கு விபத்தில் தப்பியவர்களுக்கு வரும் அதே அதிர்ச்சி நோய் வருகிறது: கனவு, திடுக்கிடல், அது நடந்த இடத்துக்கே போக மறுப்பது. "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால் அடங்காது. எந்த மாதிரி வலி வந்தால் ஓடி வர வேண்டும், எதற்கு வேண்டாம் என்று மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். பிரஷரை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வதும் புகை, மதுவை விடுவதும் ஆபத்தை நிஜமாகவே குறைக்கும். பயத்துக்கென்று பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு.

"எத்தனை மாசத்துல பழையபடி ஆவார்?"

முதல் மூன்று முதல் ஆறு மாதம் வேகமான மாற்றம். அதற்கப்புறம் நடை தளரும், நிற்பதில்லை. கட்டுக்கடங்காத அழுகை பலருக்குத் தானே குறைகிறது. மனச்சோர்வு வைத்தியத்துக்குப் பணியும். மந்தமும் முன்மூளைக் கோபமும் பிடிவாதமானவை. பிரேக் போனவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 1848-ல் இரும்புக் கம்பி தலையைத் துளைத்துப் போன பினியஸ் கேஜ் என்ற ரயில்பாதைத் தொழிலாளியை இழுப்பார்கள். "இவன் பழைய கேஜ் இல்லை" என்று நண்பர்கள் சொன்னதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். அதே ஆள் பின்னாளில் சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருஷம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்ததைச் சொல்வதில்லை. தினமும் அதே வண்டி, அதே பாதை, அதே நேரம் என்று இருந்தது அவருக்கு உதவியிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மந்தத்துக்குச் சொன்ன பட்டியலும் அலாரமும் அதே வழிதான்.

"நல்லா தேறி வந்தவர் திடீர்னு மறுபடி மந்தமாயிட்டார். மனசுதானே, போகப் போகச் சரியாகுமா?"

இல்லை, காத்திருக்க வேண்டாம். இதுவரை சொன்னவை பெரும்பாலும் அப்படியே இருக்கும் அல்லது மெல்லக் குறையும். தேறிய பிறகு மோசமானால் உடம்பில் ஏதாவது நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூளைநீர் தேங்கினால் ஆள் மந்தமாவார், நடை தரையில் ஒட்டிய மாதிரி ஆகும், சிறுநீர் அடக்க முடியாது. வயதானவர் லேசாக விழுந்திருந்தால், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே மெல்ல ரத்தம் சேர்ந்து, வாரக்கணக்கில் கழித்து குணமாற்றமாகத் தெரியும். இரண்டுக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. உப்புக் குறைவு, சிறுநீர்த் தொற்று, வெளியே தெரியாத வலிப்பு, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற ஹார்மோன் சுரப்பியின் குறைபாடு இவையும் பட்டியலில் உண்டு. இடி மாதிரித் தலைவலி, வாந்தி, வாய் கோணல், எழுப்பினால் எழாத தூக்கம் என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

"சில நேரம் அவரைப் பார்த்தாலே எனக்கு வெறுப்பா இருக்கு. நான் கெட்டவளா?"

இல்லை. உயிரோடு இருக்கிற ஒருவரை இழந்திருக்கிறீர்கள்; துக்கம் கேட்க யாரும் வருவதில்லை. வாரத்தில் சில மணி நேரமாவது வேறொருவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். மனச்சோர்வு பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் வருகிறது. மேலே சொன்ன இரண்டு வாரக் கணக்கு உங்களுக்கும்தான்.

"நான் மாறிட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அப்படித் தெரியலை. யாரு சொல்றது சரி?"

இதை உறவினர் கேட்கவில்லை. வெளியே உட்கார வைத்திருந்தவர் ஒரு நாள் தானே எழுந்து உள்ளே வந்து கேட்டார். தன் குறை தனக்குத் தெரியாமல் போவது மூளைப் பாதிப்பின் ஒரு அறிகுறி. வலது பக்கத்திலும் முன்மூளையிலும் கசிந்தால் அதிகம். வாதாடிப் புரிய வைக்க முடியாது. ஆனால் தானாகவே வந்து கேட்டவருக்குப் பாதி வழி தெரிந்துவிட்டது.

அவருக்கு ஒரு நோட்டைக் கொடுத்தேன். ஒவ்வொரு இரவும் அவரும் அவர் மனைவியும் தனித்தனியாக, இன்று எத்தனை தடவை சத்தம் போட்டார் என்று ஒரு எண் மட்டும் எழுத வேண்டும், விவாதம் கூடாது. முதல் வாரம் அவர் பக்கத்தில் பூஜ்யமும் ஒன்றும்தான். மனைவி பக்கத்தில் ஆறு, எட்டு. ஐந்தாவது வாரம் ஒரு நாள் இருவரும் நான்கு என்று எழுதியிருந்தார்கள். நோட்டை என் மேசையில் விரித்து அந்த இரண்டு நான்கையும் விரலால் தட்டிக் காட்டினார்.